பழைய காரின் பின்பெட்டி

இன்று ஒரு பழைய காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கப் போகிறோம். முன்பக்கத்தில் எஞ்சின் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் நாலு பேர் உண்டு. பின்பக்கத்தைத்தான் கேட்பார் இல்லை. நம் நாட்டில் அதை 'பூட்' என்கிறோம். தமிழ்நாட்டில் 'டிக்கி' என்பார்கள். 'பூட்டைத் திற' என்றால் சாவியை எடுத்துக்கொண்டு வாசற்கதவுக்கு ஓடும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருப்பதால், பின்பெட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் சொல்லப்போகும் கார் ஒரு மோரிஸ் மைனர். ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகும் பாதையில், அதாவது 2007ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய அந்த ஊருக்குப் போகும் பாதையில், ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் அது நின்றது. வாங்கியவர் ஒரு தோட்டத்து டிரஸ்ஸர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். துரையிடம் ஒன்று, பெரிய கிராணியிடம் ஒன்று, டிரஸ்ஸரிடம் ஒன்று. துரையின் காரில் நாம் ஏறியதில்லை. டிரஸ்ஸரின் காரில் ஏறியவர்கள் உண்டு. இடுப்பு வலி கண்ட பெண்களும், பாம்பு கடித்தவர்களும், மரத்துக் கிளை விழுந்து கால் ஒடிந்தவர்களும் அந்தக் காரில்தான் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டிரஸ்ஸர் இன்று இல்லை. அவருடைய துணைவியார் இருக்கிறார். பேரன் இருக்கிறான். அந்தக் காரை மறுபடியும் ஓடவைக்க வேண்டும் என்று பேரனுக்கு ஆசை.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959இல் வெளிவந்த மினி காரும் அவர் கைவண்ணமே. 1971 வரை 16 லட்சம் மைனர் கார்களுக்குமேல் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். இலங்கையில் இன்றும் அவை சாலையில் ஓடுவதைப் பார்க்கலாம். பழைய தமிழ்ப் படங்களில் ஓடும் அம்பாசிடர் காரை நீங்கள் அறிவீர்கள். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் காரிலிருந்து வந்தது. மைனருக்கு அண்ணன் முறை. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் 2014 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மைனர் காரில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லாரிக்கு இருப்பதுபோல் அதற்குக் கீழே தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துச் செய்த உடம்பே அதற்குச் சட்டம். பின்சக்கரங்களைத் தாங்கும் வில்பட்டைகளின் பின்முனை, பின்பெட்டித் தரைக்கு அடியில் உள்ள கொக்கிகளில்தான் தொங்குகிறது. அந்த இடம் துருப்பிடித்து இற்றுப் போனால் காரின் பின்பாகம் அமர்ந்துவிடும். ஆகவே பின்பெட்டிக்குச் சாயம் பூசுவதை அழகு வேலை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. சாயத்துக்கு அடியில் இருப்பது காரில் ஏறுகிறவர்களின் உயிர்.

பேரன் முதலில் செய்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த சாக்குகளை இழுத்துப் போட்டான். அதன்கீழ் ஒரு பழைய பாய்த் துண்டு. அதன்கீழ் ஒரு பலகை. பலகையையும் மாற்றுச் சக்கரத்தையும் எடுத்த பிறகுதான் தரை தெரிந்தது. தரை என்று சொல்வதற்கு முக்கால் பங்குதான் மிச்சம். ஓர் ஓட்டை வழியாகக் கோழி ஒன்று கீழே மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தானாம்.

இது எப்படி வந்தது? இரும்போடு காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் துரு என்பது பள்ளிப் பாடம். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். டிரஸ்ஸரின் மகனுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் இருந்தது. மங்கில் உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி, இந்தப் பின்பெட்டியில் வைத்துத்தான் கடைக்குக் கொண்டுபோவார். கட்டிப்பாலிலிருந்து வடியும் நீரில், பால் உறைவதற்காக ஊற்றிய ஃபார்மிக் அமிலம் இருக்கும். பிறகு அவர் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார். அப்போது ஏற்றியது உரமூட்டை. பொட்டாஷ் உரம் என்று நாம் போடுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு உறவுக்காரன். ஒரு கைப்பிடி சிந்தினாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டை அரிக்கும். அதன்மேல் ஈரச் சாக்கையும் போட்டு மூடிவைத்தால் கேட்கவே வேண்டாம்.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமா? நம் நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டதே இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், 1917இல், தென்னைமரம் என்று தமிழில் பெயர் கொண்ட தோட்டத்தில்தான். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். காட்டை வெட்டி நட்டவர்களில் நம் பாட்டன்மார் இருந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தென்னைமரம் என்ற பெயரில் செம்பனை விளைந்த வேடிக்கையை அவர்கள் எப்படிப் பேசிச் சிரித்தார்களோ!

சரி, வேலைக்கு வருவோம்.

திருப்புளியின் முனையால் தரை முழுவதையும், மூலைமுடுக்கு விடாமல், குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு 'டிங்' என்று சத்தமிடும். இற்ற தகடு சத்தமிடாமல் உள்வாங்கும். உள்வாங்கிய இடமெல்லாம் வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடம். அதன்மேல் புட்டியை அப்பி, மணல்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று சாயம் அடித்து விற்கிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் புட்டி பெயர்ந்து விழும். வீட்டுச் சுவருக்கு அது சரி. சக்கரத்தைத் தாங்கும் இடத்துக்கு அது கொலைக்குச் சமம் என்பது என் கருத்து.

பற்றவைப்பதற்கு முன்னால் ஒன்று. மோரிஸ் மைனரில் பெட்ரோல் தொட்டி பின்பெட்டித் தரையின் அடியில்தான் இருக்கிறது. 'பத்து வருடமாகக் காய்ந்து கிடக்கிறது, தொட்டியில் ஒன்றுமில்லை' என்று சொல்லி அப்படியே வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டிதான் பொல்லாதது. உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்து நின்றால் ஒரு பொறி போதும். பேட்டரி இணைப்பைக் கழற்று, தொட்டியைக் கழற்று, காரிலிருந்து தூரமாக, அடுப்பும் சாமி விளக்கும் கொசுவர்த்தியும் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வை. அதன்பிறகு மற்ற வேலை.

பழைய சாயத்தைச் சுரண்டும்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சாயங்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் கலந்திருக்கும். ஈயத்தூள் உடம்புக்குள் போனால் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளை அதிகம் பாதிக்கும். மூளை வளர்ச்சியையே கெடுக்கும். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு உலர்ந்த சாயத்தைத் தேய்த்தால், அந்தத் தூள் தவழும் குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். ஆகவே பழைய சாயத்தைத் தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, சேர்ந்த சேற்றைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். கீரைப் பாத்தியில் கொட்டக் கூடாது. வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். இரும்பு தெரிய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம். இரும்பைத் துடைத்துக் காயவைத்து, உலர்ந்த மணல்தாளிலேயே வேலையை முடிக்க வேண்டும்.

துருவை வெள்ளியாய்த் தெரியும்வரை எடுப்பதுதான் முறை. கை போகாத இடுக்குகளுக்கு மட்டும் துருமாற்றி மருந்து பூசலாம். கடையில் விற்கும் அந்த மருந்துகள் சிலவற்றில் இருப்பது தானின் என்னும் துவர்ப்புப் பொருள். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தால் கறுப்பு மை உண்டாகும் என்று நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள் அல்லவா? அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. துவர்ப்பு துருவோடு சேர்ந்து கறுத்து இறுகிவிடும். கோல சிலாங்கூர் கழிமுகத்தில் நிற்கும் பாக்காவ் மரப்பட்டையிலும் இந்தத் துவர்ப்பு நிறைய உண்டு. மீனவர்கள் வலை உழைக்க வேண்டுமென்று அந்தப் பட்டையை ஊறவைத்து வலையை நனைத்தார்கள்.

வெள்ளியாய்த் தேய்த்த இரும்பை இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. நம் காற்றில் ஈரம் அதிகம். மாலையில் தேய்த்துவிட்டு 'நாளைக்குப் பார்ப்போம்' என்று போனால், காலையில் வந்து பார்க்கும்போது மெல்லிய மஞ்சள் பூத்திருக்கும். ஆகவே தேய்த்த அன்றே துருத்தடுப்பு அடிச்சாயத்தைப் பூசிவிட வேண்டும். பூசும் கையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு அதே கையால் தகட்டைத் தடவிப் பார்த்தால், விரல் பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது. மெருகு மருந்து பட்ட இடத்தில் மீன் கண்போல் வட்டவட்டமாகக் குழி விழும். தகடுகள் சேரும் இணைப்புகளில் அடைப்புப் பசை இட வேண்டும். தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இனி நிறம். அந்தக் கார் கொட்டகையில் நின்றபோது பச்சை நிறம். பேரனின் அத்தை அது எப்போதுமே பச்சைதான் என்று சாதித்தார். பாட்டி இல்லை என்றார். பின்பெட்டி வாயைச் சுற்றியிருந்த ரப்பரைப் பிய்த்தபோது, அதன்கீழ் வெயில் படாத ஒரு விரல் அகலப் பட்டையில், நீலம் கலந்த சாம்பல் நிறம் புதிதுபோல் இருந்தது. மோரிஸ் நிறப் பட்டியலில் 'ஸ்மோக் கிரே' என்று இருந்த நிறம். பாட்டி சொன்னார்: "புறா நெறம்னு நான் சொன்னப்ப யாருப்பா கேட்டீங்க?" பழைய காரின் பிறந்த நிறத்தை அறிய வேண்டுமானால் இப்படிப்பட்ட மறைவிடங்களில்தான் தேட வேண்டும். கார்டிலும் சாம்பல் நிறம் என்றே எழுதியிருந்தது. இடையில் யாரோ பச்சை அடித்துவிட்டுப் பதியாமல் விட்டிருக்கிறார்கள். காரின் வெளிநிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவித்துப் பதிய வேண்டும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

எந்தச் சாயம்? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பேரனுக்கு வந்த துன்பம் இங்கேதான்.

இன்று பட்டறைகளில் பெரும்பாலும் அடிப்பது இரண்டு டின் சாயம். ஒரு டின்னில் சாயம், மற்றதில் அதை இறுகச் செய்யும் மருந்து. இரண்டையும் கலந்தால் கண்ணாடிபோல் இறுகும், மினுமினுக்கும். அந்த இறுகும் மருந்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. ஸ்பிரேயாக அடிக்கும்போது அது பனிபோல் மூச்சில் கலந்து நுரையீரலுக்குப் போகும். தின்னர் வாடை மூக்கைத் துளைக்கும். ஆனால் ஐசோசயனேட் ஆபத்தான அளவுக்கு இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. துணிமுகமூடி இதற்கு ஒன்றுக்கும் உதவாது. கரி வைத்த முகமூடியையும் முழுக்க நம்ப முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்றைக் கொண்டுவந்து கொடுக்கும் முகமூடி போட்டு, அதற்கென்று கட்டிய அறையில் அடிக்க வேண்டிய சாயம் அது.

நம் பேரன் யாரிடமோ கம்ப்ரசரைக் கடன் வாங்கி, ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தலையைப் பின்பெட்டிக்குள் நுழைத்து அடித்தான். பின்பெட்டி என்பது ஒரு சிறிய பெட்டி. அடிக்கிற சாயம் திரும்பி முகத்துக்கே வரும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. வெளியேறாமல் அடியிலேயே தங்கும். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. இரவில் நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டியதுபோல் இறுகியது. மூச்சு இழுத்தது. பாட்டி டிரஸ்ஸரோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர் அல்லவா, பார்த்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பிழைத்துக்கொண்டான். ஆனால் டாக்டர் சொன்னது இது: உடம்பு அந்த மருந்தை ஒருமுறை பகையாக எடுத்துக்கொண்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு அடைக்கும், இனி அந்தச் சாயத்தின் பக்கமே போகக் கூடாது.

சாயப் பட்டறை ஒன்று சொந்தமாக வைக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் எண்ணம். ஒரு மாலை வேலையில் அது போய்விட்டது. வெட்டுவது, பற்றவைப்பது, தேய்ப்பது எல்லாம் இப்போதும் செய்கிறான். அடிப்பதில்லை.

பிறகு பின்பெட்டி என்ன ஆயிற்று? உள்பக்கத்துக்குக் கண்ணாடி மினுமினுப்பு எதற்கு? அங்கே பலகையும் சக்கரமும் வைக்கப்போகிறோம். ஒரு டின்னில் வரும் எனாமல் சாயத்தைப் பிரஷால் பூசினால் போதும். பனிபோல் பறக்காது, கம்ப்ரசர் வேண்டாம், செலவும் குறைவு. அப்போதும் கொட்டகையின் இரண்டு பக்கமும் காற்று வர வேண்டும், கையுறை வேண்டும். ஒரே பூச்சாகக் கெட்டியாகப் பூசினால் வழியும், உள்ளே காயாது. மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 400ஆம் எண் மணல்தாளால் இலேசாக ஒரு தேய்ப்பு. முன்பு அடித்திருந்த இரண்டு டின் சாயம் நன்றாக இறுகிவிட்டிருந்ததால், அதையும் ஈரமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு அதன்மேலேயே பூசினார்கள். பூசியது பேரனின் மைத்துனன்.

காரின் வெளிப்பக்கத்தைப் பழைய முறையில், காரோடு பிறந்த செல்லுலோஸ் சாயத்தால் அடிக்க விரும்புகிறவர்களும் உண்டு. அதற்கும் கரி முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். எனாமல் பூசிய இடத்தின்மேல் செல்லுலோஸ் சாயத்தை அடிக்கக் கூடாது. அதன் தின்னர் கடுமையானது; கீழே உள்ள எனாமல் கொதித்த பால் ஆடைபோல் சுருங்கி எழும்பிவிடும். இன்னொன்று, மழை பெய்து ஓய்ந்த மாலை நேரத்தில் அதை அடிக்கவே கூடாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேல்பாகம் குளிர்ந்துபோகும். குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் வந்து படியும். ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளியே வேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அதேதான். சாயம் வெள்ளை பூத்து மங்கிவிடும். நம் வட்டாரத்தில் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு, பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மழை இருட்டுவதற்குள் முடிப்பது நல்லது.

மிஞ்சிய தின்னரைச் சோடா போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். களைக்கொல்லி மருந்தைப் போத்தலில் மாற்றி வைத்துக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். பாராகுவாட் 2020இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. தின்னரைத் தடைசெய்ய முடியாது. அதன் சொந்த டின்னிலேயே, மூடி இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தின்னர் துடைத்த துணிகளையும் குவியலாகச் சுருட்டிப் போடாமல், தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு மூடிவையுங்கள்.

கடைசியில் ரப்பர். பின்பெட்டி வாயைச் சுற்றி ஓடும் அந்த ரப்பர்ப் பட்டைதான் மழையை வெளியே நிறுத்துகிறது. பால் வெட்டிப் பிழைத்த நமக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்: இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு நெடுநாள் தாங்குவதில்லை. காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதை வெடிக்கச் செய்யும். இழுத்துப் பிடித்த ரப்பரில்தான் வெடிப்பு முதலில் விழும். இன்று விற்கும் பட்டைகள் பெரும்பாலும் செயற்கை ரப்பரில் செய்தவை. டயரிலும் எஞ்சினைத் தாங்கும் கட்டைகளிலும் இயற்கை ரப்பருக்கு உள்ள மதிப்பு குறையவில்லை. அது வேறு கதை. புதுச் சாயம் காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் உள்ளே இளசாக இருக்கும். உடனே ரப்பரை ஒட்டி மூடியை அழுத்திச் சாத்தினால், திறக்கும்போது ரப்பரோடு சாயமும் வந்துவிடும். ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், மூடியைச் சாத்தாமல் விட வேண்டும்.

பேரன் பன்னிரண்டு நாள் பொறுத்தான். ரப்பரை ஒட்டி, சக்கரத்தை வைத்து, புதுப் பலகை அறுத்துப் போட்டான். பழைய சாக்கைத் திரும்ப வைக்கக் கூடாது என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று பிற்பகல் நல்ல மழை. மழை விட்டதும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்தார்கள். தரை காய்ந்திருந்தது. இடது பக்கக் கீலுக்குக் கீழே மட்டும் விரல்நுனி அளவு ஈரம். ரப்பரை அந்த இடத்தில் பிரித்து மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.